தொலைபேசிக் கூண்டைத் தேடாதவன்

கிறிஸ்டோபர் ரீவின் சூப்பர்மேனைப் பார்த்து வளர்ந்த என் வயது ரசிகர்களுக்கு,

மதுரையில் ஒரு திரையரங்கின் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தை நான் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். பேசிய ஆங்கிலத்தில் பத்தில் ஒன்று புரிந்திருந்தால் அதிகம். ஆனால் நீலச் சட்டையும் சிவப்பு அங்கியும் திரையில் எழும்பியபோது அரங்கமே எழும்பியது. திரும்பி வரும் வழியெல்லாம் கேரியரில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக்கொண்டே வந்தேன். உங்களில் பலரும் ஒரு துண்டையோ அம்மாவின் பழைய புடவையையோ கழுத்தில் கட்டிக்கொண்டு திண்ணையிலிருந்து குதித்திருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன்.

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கிய புதிய சூப்பர்மேன் வந்தபோது மகள்வழிப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு ஒன்பது வயது. இடைவேளை விட்டதும் பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கும் என் வயதுதான். "என்ன சார், ரீவ் மாதிரி வருமா?" என்றேன். "வரவே வராது சார்" என்றார் அவர். அவ்வளவுதான், இரண்டு பேரும் அந்தக் காலத்துக்குப் போய்விட்டோம். படம் மறுபடி தொடங்கும்வரை பேசித் தீர்த்தோம். படம் முடிந்து வெளியே வந்தபோது பேரன் கேட்டான்: "அப்போ இவர் நிஜ சூப்பர்மேன் இல்லையா தாத்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைத்தது படமல்ல, நான். அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். "ரீவ் மாதிரி வராது" என்று நானும் நீங்களும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல் என்னென்ன செய்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பார்ப்போம்.

முதலில், நாம் கொண்டாடும் அந்த 1978-ஆம் ஆண்டுப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். ரீவ் முதல் சூப்பர்மேன் இல்லை. 1948-இல் வாரத்துக்கு ஒரு பகுதியாக வந்த தொடர்படத்தில் கிர்க் ஆலின் நடித்தார். 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்தார். அவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருந்தது. சினிமாவில் பெயர் பெறாத, இருபத்தைந்தைத் தாண்டாத ஒரு நாடக நடிகரை அந்தப் பாத்திரத்துக்குப் பிடித்து வந்தபோது, "ஜார்ஜ் ரீவ்ஸ் மாதிரி வருமா?" என்று அந்தத் தலைமுறை கேட்டிருக்க எல்லா நியாயமும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் திரையரங்குக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் நமக்கு ரீவ் கிடைத்திருப்பாரா?

அன்றைய நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். 1966-இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் புண்ணியத்தில் சூப்பர் ஹீரோ என்றாலே கேலிக்கூத்து என்ற எண்ணம் பெரியவர்களிடம் படிந்திருந்தது. சூப்பர்மேனுக்கு எழுதப்பட்டிருந்த திரைக்கதையும் அந்தத் தடத்தில்தான் இருந்தது. இயக்குநர் ரிச்சர்ட் டோனர் வந்தார். டாம் மான்கிவிச்சை அழைத்து அதைத் திருத்தி எழுத வைத்தார். பார்ப்பதெல்லாம் மெய்யாகத் தோன்ற வேண்டும் என்ற பொருள் தரும் ஒற்றைச் சொல்லை எழுதிப் படக்குழுவின் கண்ணில் படும்படி மாட்டி வைத்தார். கிரிப்டன் கிரகம், கான்சாஸ் வயல்வெளி, மெட்ரோபாலிஸ் நகரம் மூன்றுக்கும் மூன்று விதமான ஒளி, மூன்று விதமான நடை. கேமராவிலும் பின்னணிப் படத்தை வீசும் கருவியிலும் உள்ள ஜூம் லென்ஸ்களை ஒன்றோடொன்று இணைத்து, ரீவ் தூரத்திலிருந்து நம்மை நோக்கிப் பறந்து வருவதுபோலக் காட்டினார் ஸோரான் பெரிசிக். கம்ப்யூட்டர் வரைகலை கைகொடுக்காத காலத்தில் கம்பியும் கண்ணாடியும் லென்ஸும் வைத்து அதைச் செய்தார்கள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆனால் நாம் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. டெய்லி பிளானட் நாளிதழ்க் கட்டடத்தின் உச்சியில் ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகி லோயிஸ் லேன் அந்தரத்தில் தொங்குகிறாள். கீழே தெருவில் கிளார்க் கென்ட் அண்ணாந்து பார்க்கிறான். உடை மாற்ற ஓர் இடம் வேண்டும். பழைய கார்ட்டூன்களிலும் கதைகளிலும் அவன் தொலைபேசிக் கூண்டுக்குள் போய் மாற்றுவான். உலகத்துக்கே தெரிந்த வழக்கம் அது. ஆனால் 1978-இன் தெருவில் அந்தக் கூண்டு இல்லை. ஒரு கம்பத்தில் பாதி மறைப்போடு ஒரு தொலைபேசி மட்டும் நிற்கிறது. கிளார்க் அதை மேலும் கீழுமாக ஒருமுறை பார்க்கிறான். அவ்வளவுதான். சாலையைக் கடந்து ஓடுகிறான். சட்டையைப் பிரித்துக்கொண்டே ஓடிப்போய்ச் சுழல்கதவுக்குள் நுழைந்து சூப்பர்மேனாக வெளியே வருகிறான்.

பழைய கதையை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. டோனர் பழைய வழக்கத்தை மறக்கவில்லை. தெரிந்தவர்களுக்காக ஒரு பார்வை வைத்தார். அதற்காக 1940-களின் கூண்டு ஒன்றைச் செய்து தெருவில் நட்டு வைக்கவில்லை. மேலே ஒருத்தி விழப்போகிறாள். நின்று நினைத்துப் பார்க்க நேரமில்லை. ஒரு பார்வை, பிறகு ஓட்டம்.

அதே படத்தில் முந்தைய சூப்பர்மேனுக்கும் இடம் இருந்தது. சிறுவன் கிளார்க் ரயிலோடு போட்டி போட்டு ஓடுவதை ஒரு சிறுமி ஜன்னல் வழியே பார்க்கிறாள் அல்லவா? அவள்தான் சின்ன லோயிஸ். அவளுடைய பெற்றோராக வருபவர்கள் 1948 தொடர்படத்தின் கிர்க் ஆலினும் லோயிஸாக நடித்த நோயல் நீலும். மூத்தவர்களுக்குச் சில நொடிகளும் ரயிலில் ஓர் இருக்கையும் கிடைத்தன. ரயிலை முந்தி ஓடியதோ புதியவன். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு!

இனி நம் பங்குக்கு வருகிறேன். நாம் கேட்டதெல்லாம் நமக்குக் கிடைத்தது ஒருமுறை. 2006-இல் பிரையன் சிங்கர் இயக்கிய சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் நமக்காகவே எடுத்த படம். அதே ஜான் வில்லியம்ஸின் இசை, அண்டவெளியில் பறந்து வரும் அதே எழுத்துகள், முதல் படத்தில் நடித்து, அதற்குள் காலமாகிவிட்ட மார்லன் பிராண்டோவின் பழைய பதிவுகள். ரீவின் சாயல் கொண்ட பிராண்டன் ரவுத். படம் முதல் இரண்டு படங்களின் தொடர்ச்சியாகவே நின்றது. கிறிஸ்டோபர் ரீவுக்கும் அவர் மனைவி டேனாவுக்கும் அதைக் காணிக்கையாக்கியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, உங்களுக்கும் கலங்கியிருக்கும். ஆனால் என் வீட்டில் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "இதுல எல்லாரும் ஏன் யாரையோ நினைச்சுக்கிட்டே இருக்காங்க?" அவள் சொன்னது சரி. தெருவில் தொலைபேசிக் கூண்டை நட்டு வைத்து, அதைச் சுற்றி வந்து கும்பிட்ட படம் அது. ரவுத் நல்ல நடிகர். அவர் தோளில் இன்னொருவரின் நிழலை ஏற்றி வைத்தார்கள். திட்டமிட்ட அடுத்த பாகம் வரவே இல்லை.

பிறகு எதிர்த்திசையில் போனார்கள். 2013-இல் மேன் ஆஃப் ஸ்டீல். ஹென்றி கவில் நடிக்க, ஸாக் ஸ்னைடர் இயக்கினார். சிவப்பு ஜட்டி போனது, பழைய இசை போனது, சிரிப்பும் ஏறக்குறைய போனது. கடைசியில் சூப்பர்மேன் தன் கையாலேயே வில்லன் ஜெனரல் ஸாடின் கழுத்தை முறித்தபோது நாம் கொதித்தோம். "எங்கள் சூப்பர்மேன் கொல்ல மாட்டான்" என்றோம். 1980-இல் வந்த இரண்டாம் பாகத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். சக்தியிழந்த ஸாடின் கையை நொறுக்கி, தூக்கிச் சுவரில் எறிந்து, பனிமூட்டத்துக்குள் சரிய விடுகிறான் நம் ரீவ். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அன்று நாம் கை தட்டினோம். கவிலின் சூப்பர்மேனாவது அந்த இடத்தில் மண்டியிட்டுக் கதறினான். அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதவை பல உண்டு. ஆனால் கொலைக் குற்றத்தை ஒருவன்மேல் சுமத்திவிட்டு இன்னொருவனை விடுதலை செய்வது என்ன நீதி?

நம் நினைவு நேர்மையாக இல்லை, நண்பர்களே. "அந்தக் காலப் படங்கள்" என்று சொல்லும்போது நாம் முதல் படத்தையும் இரண்டாம் படத்தில் பாதியையும் மட்டுமே சொல்கிறோம். 1983-இன் மூன்றாம் பாகத்தை ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். 1987-இன் நான்காம் பாகத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அணு ஆயுத ஒழிப்பைப் பேசும் கதை என்பதால் ரீவ் மனமுவந்து அதில் இறங்கினார். கதையில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் செலவை வெட்டி வெட்டிக் கடைசியில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்தை நியூயார்க் என்று காட்ட வேண்டியதாயிற்று. அதே ரீவ், அதே உடை, அதே இசை, எல்லாம் இருந்தும் படம் எழவில்லை. முகமும் உடையும் இசையும் போதும் என்றால் அந்தப் படம் பறந்திருக்க வேண்டுமே?

இதைவிட எனக்கு வலிக்கிற ஒன்றைச் சொல்கிறேன். 2023-இல் வந்த தி ஃப்ளாஷ் படத்தின் இறுதிப் பகுதியில் கிறிஸ்டோபர் ரீவ் தோன்றினார். 1959-இல் இறந்துபோன ஜார்ஜ் ரீவ்ஸும் தோன்றினார். இருவரும் கம்ப்யூட்டர் செய்த உருவங்கள். நம் ஆட்களில் பலர் அதைப் பார்த்துப் புல்லரித்ததாகச் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. ரீவ் யார்? 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் இருந்தபடி முதுகுத்தண்டு சிகிச்சை ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகக் குரல் கொடுத்தவர். 2004-இல் தம் 52-ஆம் வயதில் மறையும்வரை அதை விடவில்லை. சம்மதம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல அவர் இன்று இல்லை. அவர் நடிக்காத ஒரு பார்வையை அவர் முகத்தில் ஒட்டி வைத்தார்கள். ஏன் செய்தார்கள்? நாம் அந்த முகத்துக்காக ஏங்குகிறோம் என்று தெரிந்ததால் செய்தார்கள். அந்த ஏக்கத்துக்கு நம்மிடம் டிக்கெட் காசு வாங்கினார்கள்.

ரீவின் திறமை அந்த முகத்தில் இல்லை என்று நாமே அறிவோம். முதல் படத்தில் லோயிஸின் வீட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவள் உள்ளே போயிருக்கும் நேரத்தில் கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். வளைந்த முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் திறக்கிறான். அடுத்த நொடி துணிவு போய்விடுகிறது; தோள் மறுபடி சுருங்குகிறது. ஒரே ஷாட். எந்த விசேஷக் காட்சியும் இல்லை. ஒரு மனிதன் முதுகெலும்பாலேயே இரண்டு ஆட்களாகிறான். கம்ப்யூட்டர் அவர் கன்னத்தை நகலெடுக்கலாம். அந்தத் தோளுக்குள் இருந்த முடிவை எப்படி நகலெடுக்கும்?

மாறாக, 2025 படத்தில் செய்தி சேகரிக்கும் தொலைக்காட்சி நிருபராகச் சில நொடிகள் வருகிறாரே ஓர் இளைஞர், அவர் ரீவின் மகன் வில் ரீவ். உயிருள்ள மனிதர். தாமே வந்து நின்று, தம் வேலையைச் செய்துவிட்டு, ஒதுங்கிக்கொள்கிறார். 1978-இன் ரயில் இருக்கையைப் போன்ற அதே மரியாதை.

அந்தப் புதிய படத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். டேவிட் காரன்ஸ்வெட்டின் சூப்பர்மேன் தோற்றுப்போய்ப் பனியில் விழுவதில்தான் படம் தொடங்குகிறது. அடங்காத நாய் ஒன்று அவனை இழுத்துப் போகிறது. நகரத்தின் நடுவே ராட்சத மிருகம் ஒன்று நொறுக்கிக்கொண்டிருக்கும்போது அவன் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றி விடுகிறான். அதைப் பார்த்து நானும் பக்கத்து இருக்கைக்காரரும் உச்சுக் கொட்டினோம். வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது. நம் ரீவ் மரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியின் பூனையை இறக்கிக் கொடுத்தானே! அந்தப் பூனைக்கு உருகியவர்கள் இந்த அணிலுக்கு ஏன் முகம் சுளித்தோம்? இவ்வளவு வலிமை உள்ளவன் இவ்வளவு சின்ன உயிருக்கும் நேரம் ஒதுக்குவான் என்பதுதானே அந்தக் கதாபாத்திரத்தின் உயிர்? அது 1978-இலும் இருந்தது, 2025-இலும் இருக்கிறது. என் பேரன் அதைக் கண்டுகொண்டான். எனக்குத்தான் தெரியவில்லை.

"அப்படியானால் எது வந்தாலும் தலையாட்ட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். மோசமான படத்தை மோசம் என்று சொல்லுங்கள். ஆனால் அளவுகோலை மாற்றுங்கள். "பழையது மாதிரி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். தான் சொல்லும் கதையை இந்தப் படம் நம்புகிறதா, நல்லவனாக இருப்பதற்கு வெட்கப்படாமல் நிற்கிறதா, இன்றைய தெருவில் ஓடுகிறதா என்று கேளுங்கள். டோனர் தம் படத்தை அந்தக் கேள்விகளால்தான் அளந்தார்.

பழையவற்றில் காப்பாற்ற வேண்டியது ஒன்று நிச்சயம் உண்டு. அதில் நம் பிடிவாதம் தேவை. சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். கிளீவ்லாந்தில் வளர்ந்த இரண்டு இளைஞர்கள். புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1938-இல் சூப்பர்மேன் அச்சேறியபோது அந்தக் கதாபாத்திரத்தின் உரிமைக்கு அவர்களுக்குக் கிடைத்தது 130 டாலர். பிறகு பல ஆண்டுகள் அவர்கள் பெயர்கூட அச்சிடப்படவில்லை. 1975-இல், பெரும் செலவில் படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகு சீகல் பகிரங்கமாக முறையிட்டார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் துணை நின்றார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், பறிபோன பெயரும் திரும்பின. 1978 படத்தின் தொடக்கத்தில் அவர்கள் பெயர் ஒளிர்ந்தது அதனால்தான். பழைய படத்தை மதிப்பது என்றால் அந்தப் பெயர்களை மதிப்பது. ஜட்டியின் நிறத்துக்குச் செலவழித்த கோபத்தில் கொஞ்சமாவது அந்த இருவருக்காக நாம் வைத்திருந்தோமா?

நம் குரலுக்கு வலு இல்லை என்று நினைக்காதீர்கள். 2017-இல் ஜஸ்டிஸ் லீக் படம் சிதைந்து வந்தபோது இளைய ரசிகர்கள் சில ஆண்டுகள் விடாமல் கேட்டு, 2021-இல் ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பை வெளியே கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் எதற்கு ஏங்குகிறார்களோ அதைத்தான் ஸ்டுடியோக்கள் சமைக்கும். நாம் நிழலுக்கு ஏங்கினால் நிழலைத்தான் தருவார்கள். கேட்கிறவர்கள் நாம் என்பதால் பொறுப்பும் நம்முடையதே.

ஆகவே உங்களிடம் மூன்று விஷயங்கள் கேட்கிறேன்.

திரையரங்கில் ஒரு குழந்தை பக்கத்தில் இருக்கும்போது "அந்த மாதிரி வராது" என்று சொல்லாதீர்கள். அந்தக் குழந்தைக்கு இன்றுதான் முதல் நாள். நமக்கு அந்த முதல் நாளை யாரும் கெடுக்கவில்லை. என் மாமா தொடர்படக் காலத்து ஆள், அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டே "எப்படிடா இருந்துச்சு?" என்று மட்டும்தான் கேட்டார்.

இறந்தவர்களின் முகத்தைப் பொம்மையாக்கி மறுபடி நடிக்க வைக்கும் படங்களுக்குக் கை தட்டாதீர்கள். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். ரீவை நேசிக்கும் நாம் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு எடை.

பழைய படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் புதியதை அவர்கள் ரசித்து முடித்த பிறகு காட்டுங்கள். சீகல், ஷஸ்டர் கதையைச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "பார், பார்" என்று விளக்காதீர்கள். பிடித்தால் பிடிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனுக்கு 1978 படத்தைப் போட்டுக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெலிகாப்டர் காட்சி வந்தது. கிளார்க் அந்தப் பாதித் தொலைபேசியை மேலும் கீழும் பார்த்தான். "அவர் என்ன பார்க்கிறார் தாத்தா?" என்றான் பேரன். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒருத்தர் உடை மாற்றுவார், இப்போது அந்தக் கூண்டு இல்லை என்றேன். "சரி, அவங்க விழப்போறாங்க, சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்றான்.

அவன் சொன்னதைத்தான் நானும் உங்களிடம் சொல்கிறேன். ஒருமுறை பார்த்துக்கொள்வோம். பிறகு புதியவனை ஓட விடுவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்